கோலுக்குப் பின்னால் நாற்பது பேர்

ஸ்கெல்பி மைதானத்தில் ரஸ்ஸல் ஹெப்வொர்த்துக்குக் கைதட்டினார்கள். பதினைந்து வருஷத்தில் இப்படி ஓர் அவமானம் அவனுக்கு நேர்ந்ததே இல்லை.

அவன் ஆல்டர்விக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். வயது நாற்பத்தொன்று. வாரநாட்களில் சுவர் பூசுகிற வேலை, சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு இந்த வேலை. ஆல்டர்விக்கும் ஸ்கெல்பியும் இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் எட்டு மைல் இடைவெளியில் இருக்கிற ஊர்கள். ஒன்றுக்கொன்று ஆகாது. ஏன் ஆகாது என்று கேட்டால் இரண்டு ஊரிலும் பதில் கிடையாது. கேட்டவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஸ்கெல்பி ரசிகர்களில் நாற்பது பேர் கொண்ட கோஷ்டி ஒன்று உண்டு. எதிரணி கோல்கீப்பரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வார்கள். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறினால், இவர்களும் டீயும் கையுமாக மறுகோடிக்கு நடந்து போய் மறுபடி அவன் முதுகுக்கே வந்து சேருவார்கள். நடுவில் இடுப்பளவு கம்பி ஒன்றுதான். பெரிய மைதானங்களில் திட்டுகிறவன் முகம் திட்டு வாங்குகிறவனுக்குத் தெரியாது. இங்கே காலையில் சவரம் செய்தானா இல்லையா என்பது வரை தெரியும்.

ரஸ்ஸலுக்கு அவர்கள் கட்டாத பாட்டு இல்லை. தொப்பைக்கு ஒன்று, வழுக்கைக்கு ஒன்று, முழங்காலில் கட்டுகிற பட்டைக்கு ஒன்று. போன வருஷம் பாடியது இது:

"எதிர்வீட்டுப் பூனைக்கே
எகிறிக் குதிச்ச வீரனே!
பந்து வந்தா என்ன செய்வே?
பாத்ரூமுக்கு ஓடுவியா?"

பூனை விஷயம் உண்மை. அது எப்படி ஸ்கெல்பி வரைக்கும் போனது என்பதுதான் அவனுக்குப் புரியாத மர்மம். மச்சான் கீத் மேல் சந்தேகப்பட்டு ஆறு மாதம் அவனோடு சரியாகப் பேசவில்லை.

மார்ச் மாதத்தில் ரஸ்ஸலின் மனைவி டோனா இறந்துபோனாள். பதினாலு மாதம் நோயோடு கிடந்து போனாள். அன்றிலிருந்து ஊரே அவனைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி கையாண்டது. ரொட்டிக்கடைக்காரி கேட்காமலே இன்னொரு பன்னைப் பையில் போட்டாள். மேஸ்திரி மூன்று மணிக்கே "போய்ட்டு வாப்பா" என்றான். போன சனிக்கிழமை நாலு கோல் விட்டான். கேப்டன் அருகில் வந்து, "விடு ரஸ், யாரா இருந்தாலும் விட்டிருப்பாங்க" என்றான். அதில் இரண்டைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பிடித்திருக்கும்.

ஆகவே இந்த ஆட்டத்துக்காக அவன் வாரக்கணக்கில் காத்திருந்தான். ஸ்கெல்பிக்காரர்கள் எட்டு மைல் தள்ளி இருக்கிறார்கள், அவர்களுக்கு ஈவு இரக்கம் கிடையாது. ஒன்றரை மணி நேரம் தன்னைப் பழைய ரஸ்ஸலாக நடத்த உலகத்தில் நாற்பது பேராவது மிச்சம் இருப்பார்கள் என்று நம்பினான். அதுவும் இல்லையென்றால் இந்த விளையாட்டை இன்றோடு விட்டுவிடுவது என்று காரில் வரும்போதே முடிவு செய்திருந்தான்.

வந்து பார்த்தால் கைதட்டல்.

ஏதோ பெரிய கிண்டலுக்கு முன்னோட்டம் என்று சமாதானம் செய்துகொண்டான். பத்து நிமிஷம் போயிற்று. இருபது நிமிஷம் போயிற்று. முதுகுக்குப் பின்னால் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. இருபத்தேழாவது நிமிஷத்தில் நேராகக் கைக்கு வந்த பந்து, இரண்டு கைக்கும் நடுவில் நழுவி, கால்சந்தில் புகுந்து, நிதானமாக உருண்டு கோலுக்குள் போனது. ரஸ்ஸல் கண்ணை மூடிக்கொண்டான். வருஷம் பூராவும் பாடக்கூடிய தப்பு இது.

"பரவால்ல, ரஸ்ஸல்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "வெயில் கண்ணுல பட்டிருக்கும்!"

நவம்பர் மாதம். வெயிலைப் பார்த்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

இடைவேளை விசில் ஊதியதும் அவன் உடைமாற்றும் அறைக்குப் போகவில்லை. கையுறையோடு நேராக டீக்கடைக் கொட்டகைக்குப் போனான். கோஷ்டி அங்கே வரிசையில் நின்றது. வரிசையின் முதலில் கிளெண்டா. முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். அந்தத் தொண்டைக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. பாட்டை எப்போதும் எடுத்துக்கொடுப்பது அவள்தான்.

"என்ன நடக்குது இங்க?" என்றான் ரஸ்ஸல். "சாவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க?"

சொன்ன பிறகுதான் வார்த்தை உறைத்தது. எல்லோரும் டீயைப் பார்த்தார்கள்.

"கண்ணு, ஒரு டீ குடி," என்றாள் கிளெண்டா.

"டீ எனக்கு வேணாம். கால்சந்துல கோல் விட்டிருக்கேன், பாத்தீங்களா இல்லையா? என் தொப்பைக்கு என்ன ஆச்சு? இளைச்சிடுச்சா?"

"இளைக்கல," என்றாள் அவள் நேர்மையாக. "கூடத்தான் ஆயிருக்கு."

"அப்ப பாடுங்க!"

பின்னாலிருந்து நைஜல் முன்னே வந்தான். கணக்கு வாத்தியார், ஒல்லி, மூக்குக் கண்ணாடி, கையில் மடித்த காகிதம். இந்த சீசனில் லீக்கிலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. ரசிகர்களின் வசவு எல்லை மீறினால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தலாம் என்று அதில் இருந்தது. எல்லை எங்கே என்று மட்டும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க நைஜல் ஒரு பட்டியல் போட்டுவிட்டான். இப்படிப்பட்ட ஆட்கள் எல்லா ஊரிலும் ஒருவராவது இருக்கிறார்கள், கடவுள் அவர்களை நன்றாக வைத்திருக்கட்டும்.

"உடம்பு, வயசு, ஆட்டம், முடி, சொந்த ஊரு... இதெல்லாம் பாடலாம்," என்று வாசித்தான். "நிறம், மதம், குழந்தைங்க, நோய், சாவு, இதெல்லாம் கூடாது. ஓட்டுப் போட்டுத்தான் முடிவு பண்ணோம்."

"நல்ல பட்டியல். நான் அதுல எங்க இருக்கேன்?"

"நீங்க..." நைஜல் கண்ணாடியைத் துடைத்தான். "உங்களுக்குத் தனியா ஒரு ஓட்டு வச்சோம். இந்த வருஷம் உங்கள மொத்தமா விட்டுடறதுன்னு."

"யாரைக் கேட்டு?"

டீக்கடைப் பெண், "சர்க்கரை எத்தனை?" என்று யாரையோ கேட்டாள்.

"எங்க ஊர்ல எல்லாரும் என்னைப் பாத்தா ஐயோ பாவம்னு தலையைச் சாய்ச்சுக்கிறாங்க," என்றான் ரஸ்ஸல். குரல் ஏறியது. "என் நாய்கூட சாய்க்குது. நீங்களாவது மனுஷங்களா இருப்பீங்கன்னு வந்தேன். டோனா உங்க கூடத்தானே நிப்பா? எங்க ஆளுங்க பக்கம் நிக்காம, இந்த ஊர் டீ நல்லாருக்குன்னு சாக்கு சொல்லி இங்க வந்து நிப்பா. அவ இருந்திருந்தா இதுக்கு ஓட்டுப் போட்டிருப்பாளா?"

கிளெண்டா தன் கோப்பையை மேடைமேல் வைத்தாள்.

"டீக்காக அவ நின்னான்னு நெனச்சியா?" என்றாள். "இந்தக் கழுநீருக்கா?"

"பின்ன எதுக்கு?"

"பூனை விஷயத்த எங்களுக்கு யாரு சொன்னான்னு நெனச்ச?"

ரஸ்ஸல் மனசுக்குள் கீத்திடம் மன்னிப்புக் கேட்டான்.

"எல்லாம் அவதான்," என்றாள் கிளெண்டா. "தொப்பைப் பாட்டுல ரெண்டாவது அடி அவ போட்டது. முழங்கால் பாட்டுக்கு மெட்டே அவதான். 'வீட்டுல நான் சொன்னா அவன் காதுல ஏறாது, நீங்க நாப்பது பேர் சேந்து கத்துங்க'ம்பா. நீ திரும்பி மொறைப்ப பாரு, அப்ப சிரிச்சு சிரிச்சு என் தோள்ல சாஞ்சுக்குவா."

ரஸ்ஸலுக்குச் சிரிப்பு வந்தது. எட்டு மாதமாக வராத சிரிப்பு, அதனால் இருமல் மாதிரிதான் வெளியே வந்தது.

"பிப்ரவரியில போன்ல ஒண்ணு அனுப்பினா," என்றாள் கிளெண்டா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "ஆஸ்பத்திரியிலேருந்து, அவ குரல்லயே பாடி. அடுத்த சீசனுக்கு வச்சுக்கோங்க, எவளும் எவனும் மனசு இளகிடாதீங்கன்னு."

"என்ன பாட்டு?"

"சொல்ல மாட்டேன். அது கோட்டுக்கு ரொம்ப அந்தப் பக்கம். அதுக்காகத்தான் ஓட்டே வச்சோம்."

"எழுதினது அவ. என்னைப் பத்தி. கேக்கறது நான். இதுல நீங்க எங்க வந்து கோடு போடுறீங்க?"

"உங்களுக்காக மட்டும் போட்ட கோடு இல்ல அது," என்றான் நைஜல் மெதுவாக. "ஒத்திகை பாத்தோம். கிளெண்டாவால முதல் அடியத் தாண்ட முடியல."

"வாய மூடு, நைஜல்," என்றாள் கிளெண்டா.

அவள் கண் கலங்கியிருந்ததை ரஸ்ஸல் பார்த்தான். டோனாவுக்காக அழுகிற உரிமை எட்டு மைல் தள்ளியும் ஒருத்திக்கு உண்டு என்று இதுவரை அவனுக்குத் தோன்றவே இல்லை. கையுறையால் அவள் தோளைத் தட்டினான். அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். ஆல்டர்விக் பயிற்சியாளர் மறுகோடியிலிருந்து அவன் பெயரைச் சொல்லி அலறிக்கொண்டிருந்தார். ரஸ்ஸல் ஓடினான்.

இரண்டாம் பாதியிலும் நாற்பது பேரும் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். நின்றார்கள், அவ்வளவுதான். ஐம்பதாவது நிமிஷம் வந்தது, அறுபதாவது வந்தது. கிசுகிசுவென்று பேச்சு, நைஜலின் கறாரான குரல், "கைய நல்லா தூக்குங்க, எண்ண முடியல". ரஸ்ஸல் திரும்பிப் பார்க்கவில்லை. எழுபதாவது நிமிஷத்தில் ஸ்கெல்பிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்தை மூலையில் வைக்க ஆள் ஓடினான். அப்போது கிளெண்டா எடுத்தாள். முதல் வார்த்தை உடைந்தது. இரண்டாவது வார்த்தையிலிருந்து பஸ் ஓட்டின குரல் வந்தது.

"ஷெட்டுக்குள்ள போவாரு,
ட்ரில்லப் போட்டு விடுவாரு!"

நாற்பது பேரும் பிடித்துக்கொண்டார்கள்.

"ட்ரில்லு மட்டும் ஓடுது,
ஓட்ட ஒண்ணும் காணமே!
ஓன்னு அழுற சத்தந்தான்
ஊரு பூரா கேக்குதே!
ரஸ்ஸலு, அட ரஸ்ஸலு,
வீட்டுக்குள்ள வந்து அழு!"

ரஸ்ஸல் கோல்கம்பத்தைப் பிடித்துக்கொண்டான்.

போன குளிர்காலம் முழுக்க அவன் தோட்டத்து ஷெட்டில்தான் அழுதான். அலமாரி செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போவான். சத்தம் வெளியே கேட்காமல் இருக்க ட்ரில் மெஷினை ஓட விடுவான். இருபது நிமிஷம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, விசிலடித்துக்கொண்டு உள்ளே வருவான். "அலமாரி எப்படி வருது?" என்று கட்டிலில் இருந்தபடி கேட்பாள் டோனா. "நல்லா வருது," என்பான். அவளிடமிருந்து ஒன்றையாவது மறைத்து வைக்க முடிந்ததே என்று அவனுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

இப்போது ஸ்கெல்பியில், எல்லோரும் பார்க்க, கோல்கம்பத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். சத்தம் போட்டே அழுதான். கையுறையால் மூக்கைத் துடைத்தான். பின்னால் இருந்தவர்கள் விடவில்லை. அவர்களும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இன்னும் பலமாக ஆரம்பத்திலிருந்து எடுத்தார்கள். கார்னர் அடிக்க வந்தவன் பந்தை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றான். கேப்டன் ரஸ்ஸலை நோக்கி வந்து, பாதியில் நின்று, திரும்பிப் போனான்.

நடுவர் ஓடி வந்தார். சின்ன வயதுக்காரர், சுற்றறிக்கையை மனப்பாடம் செய்தவர். கையில் நோட்டு, பென்சில்.

"மிஸ்டர் ஹெப்வொர்த், இது எல்லை மீறின வசவு. தனிப்பட்ட துக்கத்தக் குத்திக் காட்டறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே ஆட்டத்த நிறுத்தறேன். யாரு ஆரம்பிச்சது? காட்டுங்க, எழுதிக்கறேன்."

ரஸ்ஸல் அவரைப் பார்த்தான். முகம் பூரா சேறும் கண்ணீரும்.

"என் பொண்டாட்டி பேசிட்டிருக்கா, சார்," என்றான். "முடிக்கட்டும்."

நடுவர் கோலுக்குப் பின்னால் பார்த்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நாற்பது பேர், நடுவில் ஒரு பெண்மணி தலையை அண்ணாந்து கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். அவர் நோட்டை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். பாட்டு இரண்டாம் முறையும் முழுசாக முடிகிற வரை விசிலை வாயில் வைக்கவில்லை.