மூன்றாவது வரி

"அமுக்கும்மா," என்றார் தியாகராசா.

சந்திரகலாவின் விரல் ரிக்கார்டரின் சிவப்புப் பொத்தான்மேல் நின்றது. மூக்கிலிருந்த ஆக்ஸிஜன் குழாயை அப்பா தானே கழற்றியிருந்தார். பேசவே கூடாது என்று டாக்டர் நேற்றுத்தான் சொன்னார். அம்மா புனிதவதி மருந்து வாங்க பங்சாருக்குப் போயிருந்தாள்.

"அம்மா வரட்டும்பா. பயமா இருக்கு."

"அவ வந்தா பாட விடமாட்டா லா."

இருபத்து மூன்று வயதில் ரயில்வே குமாஸ்தா வேலையை விட்டவர். அதற்குப் பிறகு அவருடைய அப்பா சாகும்வரை அவரிடம் பேசவில்லை. கோலாலம்பூர் ஹோட்டல்களில் முப்பது வருஷம், அமெரிக்கக் கறுப்பர்களின் சோகப் பாட்டான புளூஸ் பாடினார். கிடார், பியானோ, சாக்ஸபோன், ஆள் வராத நாளில் டிரம்ஸ். கிள்ளான் கல்யாணங்களில் சினிமாப் பாட்டுக்கு அக்கார்டியன். யார் யாருடைய இசைத்தட்டிலோ அவர் வாசிப்பு இருந்தது. குரல் எதிலும் இல்லை. தமிழன் பாடும் புளூஸை யார் வாங்குவார்கள் என்று கம்பெனிக்காரர்கள் சிரித்தார்கள்.

அமுக்கினாள்.

அவரே எழுதிய பாட்டு. வேலையை விட்டு வந்த மகனிடம் பேசாமல் கதவைச் சாத்திய ஓர் அப்பாவைப் பற்றியது. முதல் வரியைத் தாழ்ந்த குரலில் எடுத்தார். அதே வரியை இன்னொரு முறை பாடினார், இழுத்து. மூன்றாவது வரியில்தான் பதில் வரும். புளூஸ் அப்படித்தான் என்று அவளுக்குத் தெரியும்.

காத்திருந்தாள். அவர் வாய் திறந்தே இருந்தது.

"அப்பா?"

குழாயை எடுத்து மூக்கில் செருகினாள். இரண்டு முறை நழுவியது. காற்று சீறியது, நெஞ்சு ஏறவில்லை. ஓடிப்போய் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். பிரிக்பீல்ட்ஸ் என்று ஏரியாவைச் சொல்லிவிட்டாள், வீட்டு நம்பர் நினைவுக்கு வரவில்லை. போனை மேசையில் வைத்துவிட்டு வெளியே ஓடி, கேட்டில் எழுதியிருந்ததைப் பார்த்து வந்து சொன்னாள். பிறகு ரிக்கார்டரை நிறுத்தி, கேசட்டை உருவிக் கைப்பைக்குள் போட்டாள். ஏன் ஒளித்தாள் என்று அவளுக்கே புரியவில்லை.

ஆம்புலன்ஸுக்கு முன்னால் அம்மா வந்துவிட்டாள். அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏதாச்சும் சொன்னாரா?"

"இல்லம்மா. தூங்கிட்டுதான் இருந்தாரு."

"பாடணும்னு கேட்டுருவாரோன்னு வழி பூரா பயந்துகிட்டே வந்தேன்," என்றாள் புனிதவதி. "நல்லவேளை, நீ இருந்த."

தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று சந்திரகலா சமையலறைக்குப் போனாள். பைப்பைத் திறந்துவிட்டு, தம்ளரை எடுக்காமல், வெறும் கையை நீட்டியபடி நின்றாள்.