பாதிக் கூலிக்கு ஏற மறுத்தவள்

1

இந்தக் கதை வெண்ணெயில் ஆரம்பித்தது. வேறு எங்காவது ஆரம்பித்ததாகச் சொன்னால் கௌரவமாக இருக்கும். ஆனால் அது பொய்.

கில்வெர்ன் பந்தயத் திடலில், எடை பார்க்கும் அறையை ஒட்டிய கேன்டீனைப் பதினான்கு வருடமாக நடத்துகிறேன். சாப்பிடக் கூடாதவர்களுக்குச் சமைக்கிற வேலை. வேலி தாண்டும் பந்தயத்தில் குதிரை ஏறுகிற ஜாக்கிகள் என்னிடம் வாங்குவது பால் சேர்க்காத டீ, அரை வாழைப்பழம், சில நாள் வெறும் வெந்நீர். பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை மதியம் தெக்வென் ப்ரைஸ் வந்து நின்றாள். முப்பத்தொரு வயது, பதினோரு வருடமாக ஜாக்கி.

"ரெண்டு டோஸ்ட் குடு. வெண்ணெய நல்லா தடவு" என்றாள்.

அவள் என்னிடம் வெண்ணெய் கேட்டதே இல்லை. அவள் ஏற வேண்டிய குதிரை அன்று ஓடவில்லை என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது.

2

(தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன். அடித்ததை மறைக்காமல் இங்கேயே விட்டுவைக்கிறேன்.)

"மூடுபனியைக் கிழித்துக்கொண்டு குதிரைகள் —" அன்று பனியே கிடையாது. தூறல்.

"வேலிக்கு மேலே ஒரு பெண் பறந்தாள், அவளுடைய வங்கிக் கணக்கோ —" இதை எழுதியதற்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

"தெக்வெனுடைய அப்பா ஒரு —" அவருக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

ஆகவே நடந்தது நடந்தபடி. விடியற்காலையில் ஒரு லாயத்தில் இரண்டு குதிரைகளை ஓட்டிப் பழக்கியிருக்கிறாள். அதற்குச் சம்பளம் கிடையாது. என்றாவது பந்தயத்தில் ஏற்றிவிடுவார்கள் என்ற நம்பிக்கைதான் சம்பளம். பிறகு எடை குறைக்க வெந்நீர்த் தொட்டியில் முக்கால் மணி நேரம். பிறகு கடற்கரையோரம் இருக்கும் அவள் ஊரிலிருந்து மூன்று மணி நேரம் கார். திடலின் வாசலில் வண்டியை நிறுத்தும்போது போன் வந்தது. தரை ரொம்ப ஈரமாக இருக்கிறது, குதிரையை இறக்கவில்லை. ஏறவில்லை, ஆகவே கூலி* இல்லை.

"குதிரைக்கு ஈரம் ஆகாதாம்" என்றாள் டோஸ்ட்டை மென்றபடி. "எனக்கு என்ன ஆகும்னு யாரும் கேக்கல."

திங்கட்கிழமை மாட்டுத்தீவன ஆலை ஒன்றில் அவளுக்கு நேர்காணல் இருந்தது. அலுவலக வேலை, மாதச் சம்பளம், காய்ச்சல் வந்தால் விடுப்பு. காய்ச்சலுக்குக் காசு கொடுக்கிறார்கள் என்பதை அவள் இரண்டு முறை சொன்னாள்.

* ஒரு முறை ஏறினால் ஒரு கூலி. விழுந்தாலும் அதேதான், கடைசியாக வந்தாலும் அதேதான். ஜெயித்தால் பரிசில் ஒரு சின்னப் பங்கு கூடும். ஏஜென்ட், சேணத்தைத் துடைத்துத் தயார் செய்கிற ஆள், பெட்ரோல் எல்லாம் அந்தக் கூலிக்குள்தான்.

3

இரண்டாவது பந்தயத்தில் கோல்ம் ஹான்ராட்டி விழுந்தான். அவளுடைய பழைய சிநேகிதன், பாதி நாள் ஒரே காரில் வந்து பெட்ரோலைப் பங்குபோடுகிறவன். காறை எலும்பு முறிந்தது. வலியைவிட, ஆறு வாரம் வருமானம் இல்லை என்பதுதான் அவன் முகத்தில் தெரிந்தது.

நான்காவது பந்தயத்தில் 'பார்ன் அவுல்' என்ற குதிரையில் அவன் ஏறுவதாக இருந்தது. நல்ல குதிரை. அதன் பயிற்சியாளர் ஃபெரிஸ் கார்லண்ட் ஆள் தேடிக்கொண்டு கேன்டீனுக்குள் வந்தார்.

(முதல் பிரதியில் ஃபெரிஸுக்கு ஒரு மீசை வைத்திருந்தேன், வில்லன் என்று தெரியட்டும் என. அவருக்கு மீசை கிடையாது. வைக்கோல் விலை ஏறிப்போய், லாயத்தில் பாதி கொட்டடி காலியாகக் கிடக்கிற மனிதர். மீசையை எடுத்துவிட்டேன்.)

தெக்வெனைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. குனிந்து மெதுவாகத்தான் பேசினார். ஆனால் என் கேன்டீன் சின்னது. கூலி முறைப்படி அவள் கணக்குக்கு வந்துவிடும், அதில் பாதியை வழக்கம்போல அவரிடம் கையில் கொடுத்துவிட வேண்டும் என்றார். வழக்கம்போல என்றது உண்மை. இரண்டு குளிர்காலமாக அவள் அப்படித்தான் அவருக்கு ஏறியிருந்தாள். அது அதுவரை எனக்கே தெரியாது.

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "முழுக் கூலின்னா ஏறுறேன், முதலாளி. பாதின்னா வேற ஆளப் பாருங்க."

இந்த இடத்தில் நான் எழுதியிருந்த வாக்கியம்: "அவள் கண்களில் நெருப்பு எரிந்தது." பிரதியை அவளிடமே படிக்கக் கொடுத்தேன். என் பேனாவை வாங்கி அதை அடித்தாள்.

"நெருப்பெல்லாம் ஒண்ணுமில்ல. முழங்கால் நடுங்கிச்சு. மேஜைக்குக் கீழ இருந்ததால நீ பாக்கல. அத எழுது."

எழுதிவிட்டேன். ஜெயிக்கக்கூடிய குதிரை அவளுக்குக் கிடைத்து ஏழு மாதமாகியிருந்தது. ஃபெரிஸ் ஒரு வார்த்தை சொன்னால் இன்னும் நாலு லாயத்தில் கதவு சாத்திவிடும். வாயைத் திறந்த மறுகணமே சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று தோன்றியதாம். அதற்குள் அவர் வேறு ஆள் தேட ஆரம்பித்துவிட்டார் என்றாள்.

4

ஃபெரிஸ் நிமிர்ந்து அறையைப் பார்த்தார். அந்தப் பந்தயத்தில் வேலை இல்லாத ஜாக்கிகள் ஐந்து பேர் இருந்தார்கள். ஒருவனுக்குத் திடீரென்று பூட்ஸ் கயிறு கட்ட வேண்டியிருந்தது. இரண்டு பேர் சுவரிலிருந்த தொலைக்காட்சியை, அது விளம்பரம் என்று தெரிந்தும், உற்றுப் பார்த்தார்கள். கடைசியில் அவர் பார்வை மெரிக் டாட் மேல் நின்றது.

மெரிக்குக்கு ஒன்பது நாளாக ஒரு குதிரையும் இல்லை. மூன்றாவது பிள்ளை பிறந்து பத்து நாள். அவன் ஒத்துக்கொள்வான் என்று எல்லோருக்கும் தெரியும். தெக்வெனுக்கும் தெரியும். அவனைப் பார்க்காமல், டோஸ்ட் துணுக்குகளை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவ கேட்டதுதான் எனக்கும், முதலாளி" என்றான் மெரிக்.

(என் கணவர் இதைப் படித்துவிட்டு, இந்த ஆள் நம்பும்படி இல்லை, பிள்ளைக்காரன் அப்படிச் சொல்லமாட்டான் என்றார். எனக்கும் சந்தேகம் வந்து மெரிக்கிடமே கேட்டேன். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தானாம். "வந்தது வேற. ஏன்னு கேக்காத, எனக்கே தெரியல" என்றான். நம்பும்படி மாற்ற எனக்கு மனம் வரவில்லை.)

5

கோல்முக்குப் பதில் வேறு ஆள் பெயரைக் கொடுக்க இருபது நிமிடம்தான் பாக்கி. அப்போது குதிரையின் சொந்தக்காரர் டில்வின் வாட்கின்ஸ் வாசலில் வந்து நின்றார். எழுபது வயதுப் பால்பண்ணைக்காரர். ஜாக்கிகளும் பயிற்சியாளர்களும் மட்டுமே வரும் இடம் என்பதால் உள்ளே வர அவருக்கு அனுமதி இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, என்ன தாமதம் என்று விசாரித்தார்.

பதில் சொன்னது கோல்ம். கையைத் தூளியில் கட்டி, ஆம்புலன்ஸுக்காக மூலையில் உட்கார்ந்திருந்தவன். சத்தம் போடாமல், வானிலை சொல்வதுபோல எல்லாவற்றையும் சொன்னான்.

டில்வின் தொப்பியின் விளிம்பைத் தடவினார். "ஏம்ப்பா ஃபெரிஸ், லாடம் அடிக்கிறவனுக்கு நான் முழுசா குடுக்கிறேன். அந்த லாடத்துக்கு மேல உக்காந்து வேலி தாண்டுற பொண்ணுக்கு மட்டும் பாதியா?"

ஃபெரிஸ் வைக்கோல் விலையைச் சொல்ல ஆரம்பித்தார்.

"உனக்குப் பணம் முட்டுதுன்னா எங்கிட்ட சொல்லு, பேசுவோம். அவகிட்ட எடுக்காத" என்றார் டில்வின். பிறகு தெக்வென் பக்கம் திரும்பி, "ஏறுறியாம்மா?" என்று கேட்டார்.

அவள் உடை மாற்ற ஓடினாள். நல்ல குதிரை என்பதால் பார்ன் அவுல் மற்றவற்றைவிட அதிக எடை சுமக்க வேண்டும் என்பது பந்தய விதி. தராசில் இரண்டு டோஸ்ட்டும் கணக்குக்கே வரவில்லை.

6

இங்கே முடிவுகள்.

(அ) கடைசி வேலியில் சேர்ந்து குதித்து, ஒரு தலை முந்தி ஜெயிக்கிறாள். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது.

(ஆ) தண்ணீர்ப் பள்ளத்துக்கு அப்பால் குதிரை சறுக்கி, அவள் —

இல்லை. எத்தனையாவதாக வந்தாள் என்று நான் சொல்லப்போவதில்லை. முழுதாகத் திரும்பி வந்தாள், அது போதும். ஜெயித்தாள் என்று சொன்னால், ஜெயித்ததால்தான் அவள் கேட்டது நியாயம் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள். தோற்றாள் என்றால் பாவம் என்பீர்கள். சேணத்தைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி இறங்கியபோதே அவளுடைய கூலி முழுதாக அவளுடையது.

திங்கட்கிழமை தீவன ஆலைக்குப் போனாள். போகாமல் விட்டிருந்தால் கதை அழகாக இருக்கும், ஆனால் போனாள். வாரத்தில் இரண்டு நாள் வேலை கேட்டாள், கொடுத்தார்கள். மற்ற நாட்களில் குதிரை ஏறுகிறாள். ஃபெரிஸ் மூன்று வாரம் அவளைக் கூப்பிடவில்லை. பிறகு கூப்பிட்டார், முழுக் கூலிக்கு.

7

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அன்று கேன்டீனில் இருந்த அந்த ஐந்து ஜாக்கிகளும் சும்மா இருக்கவில்லை. திடலுக்கு வந்து சேர்ந்த பிறகு குதிரையை விலக்கினால் பாதிக் கூலியாவது தர வேண்டும் என்று பந்தய நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். மெரிக்கின் கையெழுத்துதான் முத்துமுத்தாக இருக்கும் என்பதால் அவன் எழுதினான். இருபத்துமூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். (முதல் கையெழுத்து சாம்பியன் ஜாக்கியுடையது என்று எழுதிவைத்திருந்தேன். உண்மையில் அவர் பதினொன்றாவது. இரண்டு தடவை படித்துவிட்டு, பேனா வாங்கிப் போட்டார்.)

பதில் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு ஆள் வந்து பேசலாம்.

எல்லோரும் கைகாட்டியது தெக்வெனை, ஆனால் அன்று அவளுக்கு வேறொரு திடலில் இரண்டு குதிரை இருக்கிறது. போய்ப் பேசினால் இரண்டு கூலி போய்விடும். அவள் தவித்துக்கொண்டிருந்தபோது கோல்ம், "நீ போய்க் குதிரை ஏறு. எனக்குத்தான் இன்னும் ரெண்டு வாரம் வேலை இல்லையே, நான் பேசிட்டு வரேன்" என்றான்.

இப்போது கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்திருக்கிறான். ஒரு கையால் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் எழுத முடியாமல், சொல்லச் சொல்ல என்னை எழுதச் சொல்கிறான். நடுவில் பேச வேண்டியதெல்லாம் தயார். கடைசி வாக்கியமும் தயார். முதல் வாக்கியம்தான் வரவில்லை.

"நீதான் கதை எழுதுற ஆளாச்சே. கேட்டதும் அவங்க நிமிர்ந்து உக்காரணும். ஆனா கெஞ்சுற மாதிரி இருக்கக் கூடாது" என்கிறான்.

நான்கு சொல்லிப் பார்த்தேன். நான்குக்கும் தலையாட்டி மறுத்துவிட்டான். உங்களுக்குத் தோன்றினால் இந்தக் கோட்டில் எழுதுங்கள்:

"ஐயா, அம்மா, ........................................"

செவ்வாய்க்கிழமை வரை நேரம் இருக்கிறது.