மறுபடி எடுக்கவும்

ஆய்வக ஃப்ரிட்ஜிலிருந்து ஊதா மூடி போட்ட ரத்த டியூப்பை எடுத்து, அதில் அப்பாவின் பெயரும் நேற்றைய தேதியும் இருக்கின்றனவா என்று பார்த்தாள். அப்பா செத்து இரண்டு மணி நேரம் ஆகிறது.

“வண்டி வந்துடுச்சு. இங்க என்ன பண்ற?” ஆய்வக வாசலில் அண்ணன் நின்றான்.

“உன் வேலையப் பாரு.”

பெரிய பிளம்பர்! இரும்புக் குழாய் அப்பாவின் கெண்டைக்காலைக் கிழித்தபோது, குழாய் மரைக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை அவரே காயத்தில் சுற்ற, பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிய மகான். “ஒழுகல் நின்னுடுச்சுப்பா” என்றானாம். ஐந்து நாள் உள்ளேயே சீழ் பிடித்தது. அந்த வீட்டில் படித்தவள் அவள் ஒருத்திதான். அவளிடம் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

காயம் பட்டால் வெள்ளணுக்களை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. ரத்தநாளச் சுவரில் இடுக்குப் பார்த்து நுழைந்து ஓடும், கிருமியை விழுங்கும், அங்கேயே செத்துச் சீழாகும். எலும்பு மஜ்ஜை அடுத்த கூட்டத்தை அனுப்பும். அனுப்பி அனுப்பி ஓய்ந்துபோனால் எண்ணிக்கை சடாரென்று விழும். இதெல்லாம் அவளுக்குக் கரதலப்பாடம்.

நேற்று மாலை மெஷின் அப்பாவின் வெள்ளணு எண்ணூறு என்றது. நாலாயிரத்துக்குக் குறையக் கூடாத இடத்தில் எண்ணூறு! ரத்தம் உறைந்திருந்தாலும் இப்படித்தான் குறைத்துக் காட்டும். எடுத்தவள் யார்? வார்டுக்குப் புதிதாக வந்த நர்ஸ். அந்த மூஞ்சிக்கு ரத்தம் உறையாதபடி டியூப்பை ஒழுங்காக ஆட்டத் தெரியுமா என்ன? மெஷின் முன்னால் இருந்த மகள், கட்டி இருக்கிறதா என்று குச்சி விட்டுக்கூடப் பார்க்காமல், ‘உறைந்த ரத்தம், காலையில் மறுபடி எடுக்கவும்’ என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அதை நம்பி டாக்டரும் காலைக்காகக் காத்திருந்தார்.

மூடியைத் திறந்து மரக்குச்சியை விட்டாள். ஒரு சின்னக் கட்டியாவது ஒட்டிக்கொண்டு வராதா, கடவுளே. அடிவரை துழாவினாள். ரத்தம் வழவழவென்று ஓடியது. தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

“அக்கா.” அண்ணனைத் தாண்டி அந்த நர்ஸ் உள்ளே வந்தாள். அழுது வீங்கிய முகம். “எட்டு வாட்டி எண்ணித்தான் ஆட்டினேன். அப்படியும் உறைஞ்சுபோச்சாக்கா? நான் ஒழுங்கா எடுத்திருந்தா அப்பா…”

அண்ணன் நர்ஸை முறைத்தான். “இவளாலயா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். இரண்டு பேரும் நம்பிவிடுவார்கள்.

அவள் குச்சியை நர்ஸிடம் நீட்டினாள். நர்ஸ் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டியைத் தேடிக்கொண்டே இருந்தாள்.