மறந்தவை வந்து சேரும் வீடு

மோர்வென் பென்ரோஸின் அறையில் யார் எதை மறந்தாலும், அது அன்று மாலையே அவள் வீட்டுக் கொல்லையில் வந்து நின்றது. ஞாபகத்தையும் கவனத்தையும் சோதிக்கும் மூளை உளவியலாளர் அவள்; ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்க ஊருக்கு அவள் ஒருத்திதான். பதினைந்து சொற்களை வாசிப்பாள், அரை மணி கழித்துத் திரும்பக் கேட்பாள். தலையில் அடிபட்ட லாரி ஓட்டுநர் அவற்றில் ஏணியை மறந்தார்; ஏணி வந்தது. மறுநாள் அவருக்குத் தானாக ஞாபகம் வந்ததும் ஏணி போய்விட்டது. கொல்லைக்கு வந்துவிட்ட பிறகு யார் சொல்லிக் கொடுத்தும் பயனில்லை, தானாக வரவேண்டும். வகுப்பில் உட்கார மாட்டாத ஏழு வயதுப் பெண்ணொருத்தி ஆட்டை மறந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஆடுகள் நாற்பத்தொன்று. வேலி போடச் சொல்லி நகராட்சி கடிதம் அனுப்பியது, போட்டாள்.

மெல்போர்னில் ஆறு வருஷம் அவள் படித்தது பெரும்பாலும் கல்லாக உட்கார்ந்திருக்கத்தான். நொடிக்கு ஒரு சொல். சரி, தப்பு சொல்லக்கூடாது, தலையாட்டக்கூடாது, எடுத்துக்கொடுக்கவே கூடாது. பழகியவர்களைச் சோதிக்கவும் கூடாது. நாளைக்கு யார் எதிரே வந்து உட்காருவார்களோ, யார் கண்டது? ஆகவே அவள் ஊரில் ஒருவரோடும் பழகவில்லை. இதுவும் ஒரு பிழைப்பா என்று ஆடுகளிடம் அழுததுண்டு.

ஜூன் மாதம் நெவில் பாஸ்கோ என்ற முன்னாள் சுரங்கத் தொழிலாளி வந்தார். மனைவி பெரில் கைப்பையோடு வெளியே காத்திருந்தாள். மனைவி பெயர் என்ன என்று கேட்டபோது நெவில் வாயைத் திறந்தார், மூடினார். முதல் எழுத்தைச் சொன்னால் பிடித்துக்கொள்வார் என்று மோர்வெனுக்குத் தெரியும். சொல்லவில்லை. விதிக்காக மட்டும்தான் சொல்லவில்லையா என்பது அவளுக்குத்தான் வெளிச்சம்.

மாலையில் பெரில் ஆடுகளை விலக்கிக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள்.

"ஏம்மா, மொத எழுத்தையாவது எடுத்துக் குடுத்திருக்கலாம்ல?"

"எங்க வேலைல அது கூடாதுங்க."

"நல்ல வேலை போ! அம்பத்தாறு வருஷமா அந்தாளு தொலைச்சதையெல்லாம் தேடிக் குடுத்தேன். இப்ப என்னையே தொலைச்சுப்புட்டாரு. சரி, டீத்தூள் எங்க?"

தினமும் காலையில் பெரில் நெவிலிடம் போய் ஓட்ஸ் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு அந்திக்குத் திரும்புவாள். "நல்லா சமைக்கிறியே, ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று அவர் கேட்டதைச் சொல்லிச் சிரித்தாள், பிறகு பாத்திரம் கழுவும்போது அழுதாள். மோர்வென் பக்கத்தில் நின்று துடைத்தாள்.

ஐந்தரை மணியிலிருந்தே மோர்வென் வேலியோரம் நின்று தெருவைப் பார்ப்பாள். நெவிலுக்கு இன்றைக்கும் ஞாபகம் வந்திருக்கக்கூடாதே என்று வேண்டிக்கொள்வாள். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் வேண்டிக்கொண்டாள். ஆகஸ்டில் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது, வீட்டில் இருப்பவர்கள் இரண்டு பேர் என்று எழுதிக் கொடுத்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.