வெள்ளைமேல் வெள்ளை

வல்லிபுரத்தின் வீட்டில் நேசம்மாவின் பெயரை யாரும் சொல்வதில்லை. அப்படியொரு கட்டளையை அவர் வாய்விட்டுப் பிறப்பித்ததில்லை. பிறப்பித்திருந்தால் அதை எதிர்த்துப் பேசவாவது ஓர் இடம் இருந்திருக்கும். மூத்த மகளான அவள், கிள்ளான் பக்கத்துப் பண்டமாரானில் துறைமுகக் கூலியாக இருந்த ஒருவரின் மகன் இராமலிங்கத்தைக் கைப்பிடித்து வீட்டைவிட்டுப் போன அந்த வாரம், கந்தசாமி கோவிலில் அர்ச்சனைக்குக் குடும்பத்தாரின் பெயரும் நட்சத்திரமும் சொல்லும்போது, வல்லிபுரம் மூத்தவளைத் தாண்டி இளையவள் கனகேஸ்வரிக்குப் போனார். குருக்கள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்; பிறகு குனிந்துகொண்டார். அதன்பின் பிரிக்பீல்ட்ஸில் அந்த வீட்டை அறிந்த எல்லோருக்கும் அந்தத் தாண்டல் பழகிப்போயிற்று. ரயில்வேயில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர் கூலி வழிவந்த குடும்பத்தோடு சம்பந்தம் செய்ய மறுத்ததில் அவர்களுக்கு வியப்பு ஒன்றும் இருக்கவில்லை.

கனகேஸ்வரிக்கு அப்போது பள்ளிக்கூட வயது. அக்காவைப் பெயர் சொல்லி அவள் ஒருநாளும் அழைத்ததில்லை. 'அக்கா' என்ற சொல் ஒன்றுதான் அவளிடம் இருந்தது; அதுவும் அந்த வாரத்தோடு பயனற்றுப்போனது. கணவனோடு வெளிநாடு போன அக்காவிடமிருந்து தொடக்கத்தில் வந்த கடிதங்களை அப்பா பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். பிறகு கடிதங்களும் நின்றன. அம்மா இறந்த செய்தியைக்கூட அவளுக்கு யாரும் தெரிவிக்கவில்லை. கனகேஸ்வரி மணமாகாமல் வீட்டோடு இருந்து, மேல்மாடி அறைகளை வெளியூரிலிருந்து வரும் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டு நடத்தினாள். சன்னலுக்கு நேரே பழைய ரயில்வே குடியிருப்புகள் ஒவ்வொன்றாக இடிபட்டுப் புதிய ரயில் நிலையத்துக்கான தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டுத் தைப்பூசத்துக்கு, பெர்த் நகரிலிருந்து தனலெட்சுமி என்றொரு அம்மாள் வந்து தங்கினார். பத்துமலைக்குப் புறப்படும் காலையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டபடி அவர் கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க லைப்ரரில கம்ப்யூட்டர் கிளாஸ் நடக்குது. அங்க ஒரு அம்மா வருவாங்க, பிரிக்பீல்ட்ஸ்காரங்க. இன்டர்நெட்ல உட்கார்ந்தா வேற எதுவும் தேடமாட்டாங்க லா. அப்பா பேரு, தன் பேரு, இந்த ரோட்டுப் பேரு, மாத்தி மாத்தி அடிப்பாங்க. ஒண்ணும் வராது. எல்லாத்தையும் இடிக்கிறாங்களாமே, எங்க வீடு இன்னும் நிக்குதான்னு தெரியலையேன்னு சொல்லுவாங்க. பேருகூட நேச..."

வல்லிபுரம் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "பிள்ளை, சொதிக்கு உப்புக் காணாது" என்றார்.

கனகேஸ்வரி எழுந்து உப்பு எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது பேச்சு பத்துமலைக் கூட்டத்துக்கு மாறியிருந்தது. தனலெட்சுமி தன் பெட்டியோடு பத்துமலைக்குப் போய், அங்கிருந்தே விமான நிலையத்துக்குப் போய்விட்டார். ஒரு கேள்வி கேட்பதற்குப் பதிலாக உப்பு எடுக்கப் போன தன் கால்களைக் கனகேஸ்வரியால் மன்னிக்க முடியவில்லை. பிறகு தனலெட்சுமிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டாள். அந்த அம்மா ஊர் மாறிப் போய்விட்டார் என்றும், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை என்றும் பதில் வந்தது.

அக்காவைத் தேடிப் போக இனி வழியில்லை. அக்கா தேடும்போது அகப்பட வேண்டும். அது ஒன்றுதான் மிச்சம்.

விடுதிக்கென ஓர் இணையதளம் ஏற்கெனவே இருந்தது. ஜவுளிக்கடை மாடியில் சைபர் கஃபே வைத்திருந்த வாசு செய்து கொடுத்தது. அவன் அப்பா ரயில்பாதை போட்டவர். அவனும் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவன்.

"அக்கா, ரூம் வாடகைக்குன்னு தேடினா நாம எங்கயோ கடைசிப் பக்கத்துல பதுங்கியிருக்கோம் லா" என்றான் வாசு. "அங்கிள்கிட்ட சொன்னேன், 'ஏ ஒன் கெஸ்ட் ஹவுஸ்'னு பேரை மாத்துங்க, டைரக்டரில ஏ-க்குத்தான் முதல் இடம்னு. 'என் வீட்டுக்கு லோரி கம்பெனிப் பேரோ'ன்னு கேட்டு விரட்டிட்டாரு."

கனகேஸ்வரி சிரிக்கவில்லை. "ரூம் கிடக்கட்டும். ஒரு ஆளோட பேரை அடிச்சா நம்ம பக்கம் முதல்ல வரணும். முடியுமா?"

"யார் பேரு? அங்கிள் பேரா?"

"அவர் பேரும், ரோட்டுப் பேரும். கூட இன்னொண்ணு." அவள் குனிந்து விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். திரையில் வந்த பெயரை வாசு பார்த்தான். அவனும் அந்த ஊர்க்காரன்தானே, வாய்விட்டுப் படிக்கவில்லை.

"முடியும். சர்ச் எஞ்சினுக்கு நம்ம மனசுல இருக்கிறது தெரியாது அக்கா, பக்கத்துல எழுதியிருக்கிறதுதான் தெரியும். தலைப்புல இருந்தா ரொம்ப நல்லது. வேற சைட்டுங்க நம்ம பக்கத்துக்கு லிங்க் கொடுத்தா இன்னும் மேல ஏறும். காப்பார்ல மீன் கடைக்காரரு, கிள்ளான்ல கேட்டரிங்காரரு, ரெண்டு பேருக்கும் நான்தான் சைட் செஞ்சேன். அவங்ககிட்ட கேட்டுடறேன். ஆனா அந்தப் பேரை எழுதாம ஒண்ணும் நடக்காது."

"எழுது. அப்பா கண்ணுல மட்டும் படக்கூடாது."

தளத்தில் சேரும் ஒவ்வொரு பக்கத்தையும் அச்சிட்டு வல்லிபுரத்திடம் காட்டுவது வழக்கம். அவர் சிவப்புப் பென்சிலால் திருத்திக் கையெழுத்திட்ட பிறகே அது வெளியாகும். அலுவலகத்தில் பழகிய பழக்கம். வாசு கொஞ்சம் யோசித்தான்.

"வெள்ளைமேல வெள்ளை" என்றான். "வெள்ளைப் பக்கத்துல வெள்ளை எழுத்துல போட்டுடலாம். எஞ்சின் படிக்கும். மனுஷங்களுக்குத் தெரியாது, அச்சுலயும் வராது."

அப்படியே செய்தார்கள். தேடுபொறி வந்து படித்துப் போகச் சில வாரங்கள் பிடித்தன. ஒரு மதிய வேளையில் வாசுவின் கடையில் உட்கார்ந்து அவள் அந்தப் பெயரைத் தட்டினாள். அவர்கள் வீட்டுப் பக்கம் எல்லாவற்றுக்கும் மேலே வந்து நின்றது. அவள் விரலால் திரையைத் தொட்டாள், கண்ணாடி சுட்டது.

அதன்பின் ஒவ்வொரு மதியமும் போனாள். அக்கா எந்த ஊரில் எந்த நாற்காலியில் உட்கார்ந்து எப்படித் தட்டுவாள் என்று நினைத்து, அக்காவாகவே இருந்து தட்டிப் பார்த்தாள். பெயரை முதலில் போடுவாளா, தெருவையா? இரண்டாவது சொல்லில் தயங்குவாளா? பக்கத்தின் அடியிலிருந்த வருகை எண் ஏறுகிறபோதெல்லாம் தளத்தின் விருந்தினர் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தாள். ஏறியதில் பாதி தன்னுடைய வருகைதான் என்று வாசு சொன்ன பிறகும் பார்ப்பதை விடவில்லை. அதில் ஜெர்மனிக்காரர் ஒருவர் கொசு அதிகம் என்று எழுதியிருந்தார். வேறொருவர் தோசையைப் புகழ்ந்திருந்தார். அவள் எதிர்பார்த்த கை அதில் எழுதவில்லை.

பிறகு ஒருநாள் பக்கத்தையே காணவில்லை. பெயரைத் தட்டினாலும் வரவில்லை, தெருவைத் தட்டினாலும் வரவில்லை. அறை கேட்டு வரும் மின்னஞ்சல்களும் நின்றன.

வல்லிபுரம் ஆள் அனுப்பி வாசுவை வரவழைத்தார். மாலைத் தேநீர் நேரம். அவரோடு ரயில்வேயில் வேலை பார்த்த நாகையா, வழக்கம்போல் வந்து உட்கார்ந்திருந்தார். மேசையில் அச்சிட்ட பக்கங்கள். மேலே சிவப்புப் பென்சில்.

"தம்பி, கொஞ்ச நாளா ஒரு சனமும் அறை கேட்டு எழுதேல்லை. என்ன பிழை?"

"சர்ச் எஞ்சின்ல இருந்து நம்மளைத் தூக்கிட்டாங்க அங்கிள்."

"ஏன்?"

வாசு கனகேஸ்வரியைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டான். "பக்கத்துல சில வார்த்தை ஒளிஞ்சிருக்கு. இப்போ புதுசா ரூல் போட்டிருக்காங்க. ஒளிச்சு வெச்சா ஏமாத்துறதா எடுத்துக்குவாங்க."

நாகையா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஆர், வல்லிபுரமோ ஏமாத்துறது? ரயில்வே கந்தோர்ப் பென்சில் ஒண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டு போகாத மனிசன்!"

வல்லிபுரம் ஒரு தாளை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். "நான் எல்லாம் வாசிச்சுத் திருத்தினனான். எங்கை ஒளிஞ்சு கிடக்கு?"

"அச்சுல தெரியாது அங்கிள்."

"என்ன சொல் அது?"

வாசுவின் பார்வை கடைசியில் கனகேஸ்வரியிடம் போய்த் தங்கிவிட்டது. அந்தப் பார்வையைத் தொடர்ந்து நாகையாவும் திரும்பினார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது.

"அதை எடுத்துட்டா போதும் அங்கிள்" என்று வாசு அவசரமாகச் சொன்னான். "எடுத்துட்டு மறுபடி பதிஞ்சா சேர்த்துக்குவாங்க. முன்ன மாதிரி ஆளுங்க வருவாங்க."

வல்லிபுரம் தாளைக் கீழே வைத்தார். என்ன சொல் என்று அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை.

"அப்ப எடு" என்றார். பென்சிலை எடுத்து அடுத்த பக்கத்துக்குப் போனார்.

அன்று கோவிலில் மூத்தவளைத் தாண்டிப் போனது போலத்தான் போனார். கனகேஸ்வரி அவர் கீழே வைத்த தாளைப் பார்த்தாள். அக்கா ஒருநாள் உண்மையாகவே தேடி, இந்தப் பக்கம் முதலில் வந்து நின்று, அதைத் திறந்திருந்தால் என்ன கண்டிருப்பாள்? அறை விவரம், காலைச் சாப்பாடு, மின்விசிறி. தன் பெயரைத் தட்டி வந்தவள் தன் பெயர் இல்லாத வீட்டைப் பார்த்துவிட்டு, வாடகை கேட்க வந்த அந்நியப் பெண்ணைப் போல மூடிவிட்டுப் போயிருப்பாள். இத்தனை வாரமும் தான் அவளை வாசல்வரை வரவழைத்துக் கதவைச் சாத்தி வைத்திருந்ததாக இப்போது கனகேஸ்வரிக்குத் தெரிந்தது. வெள்ளைமேல் வெள்ளையாக எழுதியதும் ஒரு தாண்டல்தான். அது அவளே செய்தது.

"எடுக்காதே வாசு" என்றாள்.

சிவப்புப் பென்சில் நின்றது. அப்பா, "பிள்ளை, உள்ளுக்குப் போய்..." என்று தொடங்கினார். அவள் போகவில்லை. நாற்காலியின் முதுகை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"தலைப்புல போடு. பெரிய எழுத்துல, கறுப்புல. அதுக்குக் கீழதான் ரூம் விஷயம் எல்லாம்."

"தலைப்புல என்னன்னு போடட்டும் அக்கா?" வாசுவின் குரல் ஏறக்குறைய எழும்பவேயில்லை.

பிறந்ததிலிருந்து அவள் உச்சரித்திராத பெயர் அது. நாக்கு அதன் வடிவத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவள் வாசுவிடம் சொல்லவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்து, வாசலுக்கு அப்பாலும் கேட்கும்படி சொன்னாள்.

"நேசம்மா பிறந்த வீடு. உங்க மூத்த மகள் நேசம்மா, அப்பா."