பிடிமானம்

மாடியில் மறுபடியும் நாற்காலி விழுந்தது. கூடவே ஓர் உடம்பும் விழுந்த சத்தம். கீழே கடை வைத்திருந்த பார்லர்க்காரி, புருவம் திருத்த வந்தவளின் ஒற்றைப் புருவத்தை மட்டும் திருத்திய நிலையில் விட்டுவிட்டு, விரலில் சுற்றிய நூலோடு படியேறி ஓடினாள்.

மாடிவீட்டு அக்கா தரையில் மண்டியிட்டிருந்தாள். அவளுடைய நீளப் பின்னலைக் கையில் சுற்றிப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார் கணவர். ஆயுள் முழுக்க லாரி ஓட்டிய கை. மறதி நோய் பெயரையும் முகங்களையும் கொண்டுபோன பிறகும் கையின் பலத்தை மட்டும் விட்டுவைத்திருந்தது. "திருட்டு நாயே, என் பொண்டாட்டி எங்கடி?" என்று கேட்டுக் கேட்டு அவள் தலையைக் கட்டில் காலில் மோதினார். பார்லர்க்காரி அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். முஷ்டிக்குள் வேரோடு ஒரு கொத்து முடி இருந்தது.

"பிடிச்சுத் தள்ள வேண்டியதுதானேக்கா! தலையைக் குடுத்துட்டு உக்காந்திருக்கீங்களே!"

அக்கா நெற்றி ரத்தத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டாள்.

ஆறுதல் சொல்லப் பார்லர்க்காரிக்கு வராது. தெருவே 'ஐயோ பாவம்' சொல்லி அந்த வார்த்தை சாயம் போயிருந்தது. கண்ணாடிச் சாமான்களையெல்லாம் கீழே கொண்டுபோய் வைத்தவள் அவள்தான். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றியதும் அவள்தான். இன்றைக்குத் தன் தொழிலே கைகொடுக்கும் என்று தோன்றியது.

"வெட்டிடலாங்க்கா. ஒண்ணுமே இல்லேன்னா எதைப் பிடிப்பாரு?"

அக்கா பின்னலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "தூங்கும்போது இதைத் தடவித்தான் நான்னு தெரிஞ்சுக்கறாரு. மூஞ்சி மறந்து எவ்வளவோ நாளாச்சு." வெடித்த உதட்டோடு பாதிச் சிரிப்புச் சிரித்தாள். "ஓசியா, காசு கேப்பியா?"

"கீழ ஒருத்தி ஒத்தைப் புருவத்தோட உக்காந்திருக்கா. சீக்கிரம் சொல்லுங்க."

"வெட்டு."

அலமாரியிலிருந்த கத்தரிக்கோல் மொக்கை. முடியை அறுக்கத்தான் முடிந்தது. பின்னல் தரையில் விழுந்ததும், அது இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த பிடரி தெரிந்தது. நீலமும் மஞ்சளுமாக விரல் தடங்கள்.

அவர் எழுந்து வந்தார். கை பழகிய இடத்துக்குப் போய்க் காற்றைத் துழாவியது.

"யாருடா நீ?"

அடிபட்டபோதுகூட அக்காவின் முகம் அப்படிச் செத்துப்போனதில்லை.

கைதவறி விழுந்த கத்தரிக்கோலை எடுக்கப் பார்லர்க்காரி குனிந்தாள். அவளுடைய பின்னல் தோளைத் தாண்டி முன்னால் சரிந்தது. அடுத்த கணம் அவர் கை அதைப் பற்றி இழுத்தது; அவள் கழுத்து வெடுக்கென்று மடங்கியது. முழங்கால் தரையில் இடித்தது. கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. தள்ளக் கை தூக்கினாள். தள்ளினால் மண்டைத்தோல் அவரோடு போய்விடும் என்று உடம்புக்கு முதலில் புரிந்தது.

"இழுக்காதே. மூச்சை மெல்ல விடு. நான் இருக்கேன்." அக்கா பக்கத்தில் வந்து மண்டியிட்டாள். பார்லர்க்காரியின் முடியை வேருக்கு அருகில் அழுத்திப் பிடித்து, அவர் இழுப்பையெல்லாம் தன் மணிக்கட்டில் வாங்கிக்கொண்டாள்.

மெல்லப் பிடி தளர்ந்தது. அவருடைய கட்டைவிரல் பின்னலை மேலிருந்து கீழாகத் தடவியது. "வந்துட்டியா?" என்றார் பார்லர்க்காரியிடம்.

"வந்துட்டேன்," என்றாள் அக்கா.

அவர், அக்காவின் குரல் வந்த பக்கம் திரும்பவில்லை. அக்கா தரையில் கிடந்த பின்னலை எடுத்து அவர் உள்ளங்கைக்குள் நுழைத்தாள். இரண்டும் இப்போது அவர் கையில் இருந்தன. எதை விடுவது என்று தெரியாமல் விரல்கள் மாறி மாறித் தடவிக்கொண்டிருந்தன.