சட்டையில் ஓர் ஓட்டை

என் கண்ணைத் தாண்டி ஒரு சந்திப்பிழைகூடப் போகாது என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார். பத்தொன்பது வருடமாக நானும் அதை மறுத்ததில்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிறவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தால்தான் வேலை நடக்கும். அந்தப் பெருமையில்தான் மண் விழுந்தது.

குழந்தைகளின் இதய நோய் பற்றிய ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட ஓர் ஓட்டம். ஓடுகிறவர்களுக்கு முந்நூறு டீ-ஷர்ட். முதுகில் ‘பிஞ்சு இதய ஓட்டம்’ என்று ஒரே ஒரு வரி. கணினியில் அடித்த பெண் ஒழுங்காகத்தான் அடித்திருந்தாள். நான்தான் சிவப்பு மையால் ‘ஓட்டம்’ என்பதை அடித்துவிட்டு ‘ஓட்டை’ என்று திருத்திக் கையெழுத்தும் போட்டு அனுப்பினேன். முந்நூறும் அப்படியே அச்சாகி, காய்ந்து, மடித்தும் வைத்தாகிவிட்டது.

முதலாளி ஒரு சட்டையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“என்னம்மா இது?”

படித்தேன். சரியாகத்தான் இருந்தது. இன்னொரு முறை படித்தேன். அப்போதும் சரியாகத்தான் இருந்தது. மூன்றாம் முறை எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தபோதுதான் ‘ட்டை’ கண்ணில் பட்டது.

“சட்டைல ஓட்டைன்னு நாமளே எழுதிக் குடுத்தா எவன் போட்டுப்பான்?” என்றார் ஸ்கிரீன்காரர். துணியில் அச்சடிப்பவர் அவர்தான். அவருக்கு எல்லாமே விளையாட்டு. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். “வாயை மூடிட்டு வேலையைப் பாருங்க” என்று எரிந்து விழுந்தேன்.

“ஓட்டம் நடத்துற டாக்டரம்மா நாளைக்கு வராங்க. நீங்களே பதில் சொல்லிக்குங்க” என்று முதலாளி சட்டையை என் மேசைமேல் போட்டுவிட்டுப் போனார்.

கவனிக்கவில்லை என்று சொல்வதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம். ஆனால் உள்ளதைச் சொல்வதற்கு அதுவே தேவலை. எனக்கு ஒரு மகள் இருந்தாள். அச்சகத்தில் யாருக்கும் அது தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் பழைய வீட்டையும், ‘ஐயோ பாவம்’ என்று பார்த்த அத்தனை முகங்களையும் விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தேன்.

அவளை வாலு என்று கூப்பிடுவோம். அவள் இதயத்தில் ஓட்டை. எங்கள் வீட்டில் இதயம் என்ற சொல்லுக்குப் பின்னால் வேறு சொல் வந்ததே கிடையாது. மருத்துவர் ஓட்டை என்றார், பக்கத்து வீட்டுக்காரி ஓட்டை என்றாள், அவளும் கற்றுக்கொண்டாள். பத்தடி ஓடுவாள். உதடு நீலமாகிவிடும். அப்படியே குந்தி உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு, “இரும்மா, என் ஓட்டைக்கு மூச்சு வாங்குது” என்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவேன். இருபது வருவதற்குள் எழுந்துவிடுவாள். எழுந்ததும் மறுபடி ஓடுவாள், சொன்ன பேச்சைக் கேட்டால்தானே. ஐந்து வயது வரை ஓடினாள்.

அவள் போன ஆறாம் மாதம் அவள் அப்பா வேலை தேடி வேறு ஊருக்குப் போனார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.

மறுநாள் டாக்டரம்மா வந்தார். சனிக்கிழமைக்குள் புதிதாக அடித்துத் தந்துவிடுவதாக முதலாளி கெஞ்சாத குறையாகச் சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு நேராக என் மேசைக்கு வந்தார்.

“நீங்க பார்த்ததா?”

“ஆமா டாக்டர். கவனிக்கல. மன்னிச்சுடுங்க.”

சிவப்பு மை போட்ட தாள் மேசைமேலேயே இருந்தது. எடுத்துப் பார்த்தார்.

“கவனிக்கலன்னா தப்பா இருக்கறது அப்படியே போயிருக்கும். நீங்க சரியா இருந்ததை அடிச்சுட்டு எழுதியிருக்கீங்க.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பொண்ணா, பையனா?”

இருபது வருடமாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. ஸ்கிரீன்காரர் காது இந்தப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

“பொண்ணு” என்றேன். அவர் கையிலிருந்த தாளை வாங்கி மடித்து வைத்தேன்.

அவர் மேலே கேட்கவில்லை. “ஞாயித்துக்கிழமை ஓட்டத்துக்கு வாங்க” என்றார்.

“எனக்கு ஓட வராது டாக்டர்.”

“முடிஞ்ச வரைக்கும் ஓடுங்க, போதும்.”

புதிய சட்டைகள் சனிக்கிழமை போய்ச் சேர்ந்தன. பழையவை மை துடைக்கும் துணியாயின. ஸ்கிரீன்காரர் கத்தரியால் நறுக்கி மூலையில் குவித்துவிட்டு, கைக்கு வந்ததை எடுத்து நீல மையைத் துடைத்தார். அந்தச் சொல்லின் மேல் நீலம் ஏறுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. வெட்டாமல் கிடந்த ஒன்றை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

“வீடு துடைக்கவாக்கா? நாலா எடுத்துக்குங்க.”

“ஒண்ணு போதும்.”

ஞாயிறு காலை எல்லோரும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள், ஒருவர் முதுகில் ஒருவர் எண் சீட்டை ஊசியால் குத்திவிட்டார்கள். என் எண்ணை நானே வயிற்றுப் பக்கம் குத்திக்கொண்டு கடைசி வரிசையில் நின்றேன். ஊசி குத்தி விரலில் இரத்தம் வந்தது. அத்தனை பேருக்கு நடுவில் நிற்கும்போதுதான் வீட்டில் இருப்பதைவிடத் தனியாக இருந்தது.

கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஒரு சிறுமி என்னைத் தாண்டி ஓடினாள். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கழுத்துக்குக் கீழே அறுவை சிகிச்சைத் தழும்பின் நுனி தெரிந்தது. நூறடி ஓடினாள், இருநூறடி ஓடினாள், உட்காரவே இல்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முதலில் வந்தது பொறாமைதான்.

இரண்டாவது திருப்பத்தில் எனக்கு மூச்சு முட்டியது. சாலையோரம் குந்தி உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டேன். தண்ணீர் கொடுக்கும் பெண் ஓடி வந்தாள்.

“என்னம்மா பண்ணுது? கூட யாராவது வந்திருக்காங்களா?”

“யாரும் இல்லம்மா. இருபது எண்ணிட்டு எழுந்துடுவேன்.”

தண்ணீரைக் கொடுத்துவிட்டு என் முதுகைப் பார்த்தாள். “அச்சச்சோ, உங்களுது மட்டும் தப்பா அடிச்சுட்டாங்களே.”

“தப்பில்ல. அது என் பொண்ணோட ஓட்டை.”

அவளுக்கு என்ன புரிந்ததோ, என் தோளைத் தொட்டுவிட்டு அடுத்தவருக்குத் தண்ணீர் கொடுக்கப் போனாள்.

நான் எண்ணினேன். வாலு கடைசியாக உட்கார்ந்த அன்று இருநூறு வரை எண்ணியும் அவள் எழுந்திருக்கவில்லை. நிறுத்தினால் நானே அவளைப் போகச் சொன்னதாக ஆகிவிடும் என்று அதற்கப்புறமும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இருபது வந்தது. எழுந்தேன். என்னால் எழ முடிந்துவிட்டது. அதற்குத்தான் அழுகை வந்தது.

அழுதுகொண்டே பத்தடி ஓடினேன்.